வக்கீல் இழுத்த செக்கு

1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தில் 35-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. கடுங்காவல் தண்டனை பெற்ற கைதியிடம், அவசரக் காலம் தவிர, ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வேலை செய்யும் கைதியை மருத்துவ அதிகாரி அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அவனை நிறுத்து, எடையை அவனுடைய ‘ஹிஸ்டரி டிக்கெட்’டில் குறிக்க வேண்டும். வேலையால் உடம்பு கெடுகிறது என்று மருத்துவர் கருதினால் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும்.

இந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதுதான் கோயம்புத்தூர் மத்திய சிறையில் தூத்துக்குடி வக்கீல் வ.உ. சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்தார். அதை ஒரு ஜெயிலரின் தனிப்பட்ட வன்மமாகவே சினிமாவும் மேடைப் பேச்சும் நமக்குக் காட்டி வந்திருக்கின்றன. 1961-இல் பி.ஆர். பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாஜி கணேசன் செக்கிழுக்கும் காட்சிக்குத் தொண்டை அடைக்காத தமிழர் குறைவு. வன்மம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வன்மத்துக்குப் பதிவேடு இருந்தது, மேற்பார்வை இருந்தது, எடைக் கணக்கு இருந்தது. ஒரு கையால் தோளில் நுகத்தை ஏற்றி, மறு கையால் அவன் எத்தனை பவுண்டு என்று எழுதிக்கொண்ட ஆட்சி அது.

கொட்டிவாக்கத்தில் குடியிருக்கும் எனக்கு அந்தச் செக்கு தூரத்தில் இல்லை. திருவான்மியூர், அடையாறு தாண்டிச் சர்தார் படேல் சாலையில் திரும்பினால் கிண்டி காந்தி மண்டப வளாகம். ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம் நினைவிடங்களோடு, வ.உ.சி. இழுத்தது என்று ஒரு செக்கும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. கோவை மத்திய சிறை வளாகத்திலும் ஒரு செக்கு நினைவுச் சின்னமாக இருக்கிறது. சிறையில் ஒரே ஒரு செக்குதான் இருந்தது என்றோ, ஒரே ஒருவர்தான் அதை இழுத்தார் என்றோ நினைத்தால்தான் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியாகத் தோன்றும்.

செக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தவர்கள் இப்போது குறைவு. அடியில் பெரிய உரல். அதில் சாய்வாக நிற்கும் உலக்கை. உலக்கையின் தலை, உரலைச் சுற்றிவரும் ஒரு நீளப் பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். பலகையில் பாரம் ஏற்றுவார்கள். பாரம் கூடக் கூட உலக்கை உரலின் சுவரில் அழுந்தும். எள்ளோ கொப்பரையோ கடலையோ நசுங்கும். பலகையின் முனையில் நுகம். முதல் சில சுற்றுகள் எளிது. வித்து அரைபட்டுப் பிண்ணாக்கு இறுகத் தொடங்கியதும் உலக்கை நகர மறுக்கும். எண்ணெய் கசிவதும் இழுப்பு கடினமாவதும் ஒரே நேரத்தில்தான். தலை சுற்றாமலிருக்க மாட்டுக்குக் கண்ணைக் கட்டுவார்கள். மனிதனுக்கு அந்தச் சலுகை இருந்ததாகத் தெரியவில்லை. இன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று பலகை மாட்டிய கடைகள். லிட்டருக்கு நல்ல விலை. மோட்டார்தான் சுற்றுகிறது என்பதால் யாருக்கும் உறுத்தல் இல்லை.

அரசியல் எதிரிகளை உழைப்பு முகாமில் அடைப்பது என்றதும் நம் நினைவுக்கு வருவது சோவியத் குலாக். வெள்ளைக் கடல் தீவான சொலொவ்கியில் 1923-இல் தொடங்கிய முகாம், பிறகு ஒரு நாட்டளவுக்கு விரிந்தது. 1931 முதல் 1933 வரை வெள்ளைக் கடல் கால்வாயை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கைதிகள் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வெட்டினார்கள். அதில் சுமார் பன்னிரண்டாயிரம் பேர் இறந்ததை அரசின் சொந்தப் பதிவுகளே சொல்கின்றன. வட கொரியாவின் அரசியல் கைதி முகாம்களில் எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர்வரை இருக்கலாம் என்று 2014-இல் ஐ.நா. விசாரணைக் குழு மதிப்பிட்டது. கோவைச் சிறையை இவற்றோடு அளவில் ஒப்பிடுவது அபத்தம். வ.உ.சி.க்கு வழக்கறிஞர் இருந்தார், மேல்முறையீடு இருந்தது, விடுதலை நாள் இருந்தது. குலாக்கின் கோலிமா முகாமுக்குப் போனவனுக்கு இவற்றில் எதுவும் உறுதியில்லை. அளவை ஒதுக்கிவிட்டு வேலையின் நோக்கத்தைப் பார்த்தால் மட்டும் இரண்டும் அருகருகே வருகின்றன. குலாக்கில் அரசியல் கைதியைக் கொலைகாரனுக்கும் திருடனுக்கும் கீழே வைத்து, அவர்களைக் கொண்டே அவனை மேய்த்தார்கள். அந்தமானிலும் கைதிகளிலிருந்தே பொறுக்கியெடுக்கப்பட்ட டிண்டால்களும் ஜமாதார்களும்தான் அரசியல் கைதிகளை வேலை வாங்கினார்கள். ‘உன் கொள்கை எங்களுக்குத் தெரியாது, நீ இத்தனையாம் நம்பர் கைதி, உன் பங்கு இவ்வளவு’ என்று சொல்வதற்கு வேலையைவிட வசதியான கருவி எந்த ஆட்சிக்கும் கிடைத்ததில்லை.

இந்தியச் சிறையில் இந்தக் கருவியைத் தீட்டியவர்களில் முக்கியமானவர் மெக்காலே. நமக்கு அவரைக் கல்விக் குறிப்புக்காகத் திட்டித்தான் பழக்கம். 1836-இல் அமைந்து 1838-இல் அறிக்கை தந்த சிறை ஒழுங்குக் குழுவிலும் அவர் இருந்தார். அதற்கு முன்னால் கைதிகளைச் சங்கிலியில் கோத்துச் சாலை போடும் வேலைக்கு அனுப்புவது வழக்கம். வெளிக்காற்று, வேடிக்கை, வழிப்போக்கரோடு நாலு வார்த்தை, யாராவது தரும் வெற்றிலை என்று அந்த வேலையில் கைதிக்குக் கிடைத்த சின்னச் சின்ன ஆறுதல்களே குழுவின் கண்ணை உறுத்தின. கைதி சுவருக்குள் இருக்க வேண்டும், அவன் வேலை சலிப்பூட்டுவதாக, ஒரே மாதிரியாக, கையில் எந்தத் திறமையையும் வளர்க்காததாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. படிப்புச் சொல்லித் தருவதும் வேண்டாம் என்றது. பிற்பாடு சிறைத் தொழில்கள் வளர்ந்தன. கம்பளமும் துணியும் எண்ணெயும் விற்பனைக்கு வந்தன. ஆனால் சலிப்பே தண்டனை என்ற அந்த எண்ணம் மட்டும் விடவில்லை. செக்கு அதற்கு எவ்வளவு பொருத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி 1908-க்கு வருவோம். வ.உ.சி.யின் முயற்சியால் 1906-இல் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு, பத்து லட்சம் மூலதனம், தூத்துக்குடி–கொழும்பு கப்பல்கள் – இதெல்லாம் பள்ளிப் பாடம். மீண்டும் சொல்லப் போவதில்லை. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு, நால்வர் சாவு. ஜூலை 7 அன்று கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்குப் பத்து ஆண்டு நாடுகடத்தல். வ.உ.சி.க்கு ராஜத்துரோகத்துக்காக ஓர் ஆயுள், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னோர் ஆயுள். லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லிக்கே இது பொறுக்கவில்லை. வைசிராய் மிண்டோவுக்குக் கடிதத்தில் கண்டித்து எழுதினார். உயர் நீதிமன்றம் ஆறு ஆண்டாகக் குறைத்தது. அந்தமான் போகாமல் கோவையிலும், 1910 டிசம்பரிலிருந்து கண்ணனூரிலும் அவருடைய சிறைக்காலம் கழிந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

வ.உ.சி. தம் சிறை வாழ்வைச் செய்யுளிலேயே எழுதினார். அவர் மறைந்து பத்து ஆண்டு கழித்து, 1946-இல்தான் அது நூலாக வந்தது. அதில் செக்குக்கு முன்னால் சணல் வருகிறது. சணல் கிழிக்கும் எந்திரத்தைக் கையால் சுற்றும் வேலை. உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அதன் பிறகு செக்கு. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். 1894 சட்டத்தின் 46-ஆம் பிரிவு, சிறைக்குள் செய்யும் குற்றங்களுக்கான தண்டனைகளை அடுக்குகிறது: எச்சரிக்கை, இன்னும் கடுமையான வேலைக்கு மாற்றுதல், துணிக்குப் பதில் சாக்கு உடை, விலங்கு, தனியறை, உணவுக் குறைப்பு, கடைசியில் முப்பதுவரை கசையடி. வேலை செய்யச் சோம்பினால் அதுவும் குற்றம். ஆக, ஒரு வேலை முடியவில்லை என்பவனை அதைவிடக் கொடிய வேலைக்கு அனுப்பச் சட்டமே ஏணி கட்டி வைத்திருந்தது. ஏணியின் எந்தப் படியில் யாரை நிறுத்துவது என்பது நடைமுறையில் ஜெயிலரின் முகக்குறிப்பைப் பொறுத்தது.

அதே நூலில் வடுகராமன் என்ற கைதி வருகிறார். வ.உ.சி.யைக் கண்டு கும்பிட்டவர். இவரும் கைதிதான், இவரை என்ன கும்பிடுவது என்று ஜெயிலர் சீறியிருக்கிறார். அந்த ஜெயிலரைத் தீர்த்துவிடட்டுமா என்று வடுகராமன் கேட்க, வ.உ.சி. தடுத்திருக்கிறார். வ.உ.சி.யின் பெருந்தன்மைக்கும் அவர்பால் எளிய மனிதர் கொண்ட பக்திக்கும் உதாரணமாகவே இந்தச் சம்பவத்தைச் சொல்கிறோம். எனக்கு இதில் வேறொன்று படுகிறது. சிறையில் வ.உ.சி. வருவதற்கு முன்பும் செக்கு ஓடியது. அவர் கண்ணனூருக்குப் போன பின்பும் ஓடியிருக்கும். நுகத்தில் அவரோடு நின்றவர்கள், அவருக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஒரு பெயராவது நமக்குக் கிடைக்கிறது என்றால் அது ஒரு வக்கீல் கவி எழுதியதால் கிடைத்தது.

வ.உ.சி.க்குத் தீர்ப்பு வந்த அதே 1908 ஜூலை மாதம், 22-ஆம் தேதி, பம்பாயில் திலகருக்கும் ராஜத்துரோக வழக்கில் ஆறு ஆண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. அவரை மாண்டலேவுக்குக் கொண்டுபோனார்கள். தனிமையும் நோயும் அவரை வாட்டின; சிறையில் இருக்கும்போதே மனைவியை இழந்தார். ஆனால் தண்டனை வெறுங்காவலாக மாற்றப்பட்டிருந்தது. கடும் உழைப்பு இல்லை, சமையலுக்கு ஆள் இருந்தார், புத்தகங்கள் இருந்தன, கீதைக்கு உரை எழுதி முடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு லாலா லஜபதி ராயையும் அஜித் சிங்கையும் 1818-ஆம் ஆண்டின் மூன்றாவது ரெகுலேஷன்படி விசாரணையில்லாமல் மாண்டலேவுக்கு அனுப்பியபோதும் உழைப்பு கிடையாது. அரசியல் கைதி என்ற இனமே தன் ஆட்சியில் இல்லை என்று சாதித்த அரசு, வேண்டியபோது அந்த இனத்தை நன்றாகவே அடையாளம் கண்டது. திலகருக்கு இந்தியா முழுக்கச் செல்வாக்கு. தூத்துக்குடிக்காரருக்கு அவ்வளவு இல்லை. ஒரே சட்டப்பிரிவு, ஒரே மாதம். ஒருவருக்கு எழுதுகோல், மற்றவருக்கு நுகம்.

சிவாவுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். கைதானபோது வயது இருபத்து மூன்று. கம்பளி மயிர் சுத்தம் செய்யும் வேலை கொடுத்தார்கள். 1912-இல் தொழுநோயோடு வெளியே வந்தார். கம்பளி வேலையால் நோய் வந்தது என்பது நாம் வழக்கமாகச் சொல்வது. தொழுநோய் கிருமியால் வருவது. கம்பளி அதைக் கொடுக்காது. நெரிசலும் பட்டினியும் உடைந்த உடம்புமாகச் சிறை அதற்கு வாசலைத் திறந்துவிட்டது என்பதே சரி. நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தார்கள். மாட்டு வண்டியிலும் நடந்தும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23 அன்று தருமபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில் இறந்தார்.

வ.உ.சி.யின் தண்டனையும் சிறை வாசலோடு முடியவில்லை. வக்கீல் சன்னத்து போயிருந்தது. சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று மாறி மாறிக் குடியிருந்து கடை வைத்துப் பிழைத்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டித் தந்த 347 ரூபாய் 12 அணா காந்தியிடம் இருந்தது; அது கைக்கு வந்து சேர 1915-இல் பலமுறை கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கடிதங்களில் அவர் கெஞ்சவில்லை. ஆனால் பணம் அவசரம் என்பதை மறைக்கவும் இல்லை. பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி சன்னத்தைத் திரும்பப் பெற உதவினார். அந்த நன்றியில் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவர் வீட்டில் வெள்ளைக்காரன் பெயரில் ஒரு பிள்ளை. இதை முரண்பாடு என்பவர்கள், சிறை ஒரு மனிதனை எவ்வளவு சிறிய உதவிகளை எண்ணிப் பார்க்க வைக்கிறது என்பதை அறியாதவர்கள்.

அந்தமானில் இதே செக்கு இன்னும் கணக்காக ஓடியது. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த செல்லுலர் சிறையில், நாளுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் என்ற அளவைக் கைதிகளின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. அளவு குறைந்தால் அடி, நிற்க வைத்துக் கைவிலங்கு, சாப்பாட்டுக் குறைப்பு. 1912-இல் இந்துபூஷண் ராய் அறைக்குள் தூக்கு மாட்டிக்கொண்டார். அலிப்பூர் குண்டு வழக்கின் உல்லாஸ்கர் தத்துக்கு மனம் கலங்கியது. அவரைக் கப்பலேற்றிச் சென்னை மனநலக் காப்பகத்துக்கு, இன்றைய கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு, கொண்டுவந்தார்கள். வங்காளத்து வீடுகளில் பாட்டுப் பாடி, மிமிக்ரி செய்து எல்லோரையும் சிரிக்க வைத்தவர் என்று அவரைத் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சென்னை நகரத்துக்கும் அந்தமான் செக்குக்கும் இப்படியும் ஓர் உறவு உண்டு. எந்தப் பலகையிலும் அது எழுதப்படவில்லை.

1919–20-இல் சிறைகளை ஆராய்ந்த இந்தியக் குழுவுக்குத் தலைவர் அலெக்சாண்டர் கார்டியு. சென்னை ஆளுநரின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். கைதியைத் திருத்துவதே சிறையின் வேலை என்றும், அந்தமானுக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்றும் அது சொன்னது. சொன்ன கையோடு 1921-இல் மலபாரில் மாப்பிள்ளைக் கலகம்; அந்தமானுக்குப் போகும் கப்பல்கள் மறுபடி நிரம்பின. அந்த நவம்பரில் திரூரிலிருந்து அடைத்த ரயில் பெட்டியில் அனுப்பப்பட்ட மாப்பிள்ளைக் கைதிகளில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறிச் செத்தது, கோவையை அடுத்த போத்தனூரில் கதவைத் திறந்தபோது தெரிந்தது. அவர்கள் ஏழைக் குடியானவர்கள். வ.உ.சி. சிறைப்பட்ட ஊரின் வாசலில் நடந்த இந்தச் சாவுக்குத் தமிழில் நினைவு குறைவு.

உண்மையான மாற்றம் ஓர் உண்ணாவிரதத்தால் வந்தது. லாகூர் சதி வழக்கில் அடைபட்டிருந்த ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் பட்டினி கிடந்து 1929 செப்டம்பர் 13 அன்று உயிர் விட்டார். பகத் சிங்கும் தோழர்களும் கேட்டது தெளிவானது: எங்களை அரசியல் கைதிகளாக நடத்து, அவமானப்படுத்தும் கட்டாய வேலை வேண்டாம், புத்தகம் கொடு. 1930-இல் அரசு கொடுத்த பதில் தந்திரமானது. அரசியல் கைதி என்று ஒரு வகையை ஏற்க மாட்டோம்; ஆனால் எல்லாக் கைதிகளையும் ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறோம். முதல் இரண்டு வகுப்புக்கும் அளவுகோல் சமூக அந்தஸ்து, படிப்பு, உயர்ந்த வாழ்க்கை முறை. மற்ற எல்லோரும் சி.

இந்தப் பதிலில் எல்லோருக்கும் ஏதோ கிடைத்தது. அரசியலை ஒப்புக்கொள்ளாமல் தப்பித்தது அரசு. காங்கிரஸ் தலைவர்கள் நுகத்திலிருந்து தப்பித்தார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இந்தியச் சிறைகளிலிருந்து எத்தனை நல்ல புத்தகங்கள் வந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஏ, பி வகுப்பு இல்லாமல் அவற்றில் பாதியாவது வந்திருக்காது. உப்பு சத்தியாக்கிரகத்தில் அந்தத் தலைவர்களுக்குப் பின்னால் நடந்துபோன நெசவாளியும் கூலியும் விவசாயியும் சி வகுப்புக்குப் போனார்கள். சலிப்பான வேலை அங்கே அப்படியே இருந்தது. அரசியல் சிறை உழைப்பு 1930-இல் ஒழியவில்லை. படிக்காதவன் பங்குக்குப் போய்விட்டது. நம் தேச வரலாற்றில் இந்த ஏற்பாட்டை ஒரு வெற்றியாகவே எழுதுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆட்சி கைமாறியதும் என்ன ஆயிற்று? 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி, 1921–22-இல் வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதியவர். கைதியின் பசியும் பேனும் மலச்சட்டியும் அவருக்குப் புத்தகச் செய்தி இல்லை. அவருடைய அரசுதான் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்தவர்கள்மீது வெள்ளையர் கொண்டுவந்த குற்றவியல் திருத்தச் சட்டத்தை ஏவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். பெரியாருக்கே கடுங்காவல்தான், பெல்லாரிக்கு அனுப்பினார்கள். பெரம்பூர்க்காரரான நடராசன் 1939 ஜனவரியிலும், கும்பகோணம் தாளமுத்து மார்ச்சிலும் தண்டனைக் காலத்தில் நோயுற்று இறந்தனர். நடராசன் ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர். எழும்பூரில் அரசுக் கட்டடம் ஒன்றுக்கு இருவர் பெயரும் வைத்திருக்கிறோம். அவர்கள் சிறைக்குள் என்ன வேலை செய்தார்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுத வேண்டிய அந்த எடைச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டவர்கள் அதிகமில்லை.

அடுத்தது சேலம். 1950 ஜனவரி 26 அன்று குடியரசு. சரியாகப் பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறைக்குள் கம்யூனிஸ்டுக் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு. 22 பேர் இறந்தனர். பெரும்பாலோர் வட மலபார்க்காரர்கள். 1946-இல் காவும்பாயி போன்ற ஊர்களில் நெல்லுக்காகக் கிளர்ந்த குடியானவர்கள். தகராறின் வேர் பழையதுதான்: எங்களைக் குற்றவாளிக் கைதிகளைப்போல நடத்தாதே, அரசியல் கைதிகளாக நடத்து. லாகூரில் 1929-இல் எழுந்த அதே கோரிக்கை. லாகூரில் அதற்கு ஒருவர் பட்டினியால் செத்தபோது நாடே எழுந்தது. சேலத்தில் இருபத்திரண்டு பேர் சுடப்பட்டுச் செத்த நாளைக் கம்யூனிஸ்டுகள் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள், பாடப்புத்தகம் நினைவுகூர்வதில்லை. துப்பாக்கி நம் கையில் இருந்தபோது நடந்ததற்கு நமக்கு வார்த்தை கிடைப்பதில்லை.

1957-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 105-ஆம் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. அரசியல் கருத்துக்காக ஒருவரைத் தண்டிக்கக் கட்டாய உழைப்பைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். இந்தியா அதை ஏற்று உறுதி செய்தது 2000-இல். நாற்பத்து மூன்று ஆண்டு தாமதம். இடையில் நெருக்கடி நிலை வந்து போனது. 1976-இல் சென்னை மத்திய சிறையில் அடைபட்ட மிசா தடுப்புக் காவல் கைதிகளுக்கு உழைப்பு இல்லை, தடியடி இருந்தது. முன்னாள் மேயர் சிட்டிபாபு அதில் உடைந்து மறு ஆண்டு ஜனவரியில் இறந்தார். நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. அங்கேயும் தடுப்புக் காவலில் இருந்தவர்களை அடிக்கச் சிறைக் காவலர்களோடு ஆயுள் கைதிகளும் பயன்படுத்தப்பட்டார்கள் என்பது அந்தக் காலத்தைச் சிறையில் கழித்தவர்களின் வாக்குமூலம்.

கைதியின் உழைப்புக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 1998-இல் சொன்னது. கைதியைப் பராமரிக்கும் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. இப்போது தமிழ்நாட்டுச் சிறைகள் ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் பண்டங்கள் விற்கின்றன. புழல் பக்கம் கைதிகள் பெட்ரோல் போடுகிறார்கள். மெக்காலே பார்த்திருந்தால் திடுக்கிட்டிருப்பார். வேலைக்கு வெளிக்காற்றும் சம்பளமும் உண்டு என்பது நல்ல மாற்றம்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2024 அக்டோபர் 3 அன்று, சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல மாநிலங்களின் சிறை விதிகளில், சமையல் ஒரு சாதிக்கு, துப்புரவு இன்னொரு சாதிக்கு என்று எழுதியே வைத்திருந்தார்கள். அவற்றை நீதிமன்றம் செல்லாதென்றது. தமிழ்நாட்டு உதாரணமாகத் தீர்ப்பில் இடம்பெற்றது பாளையங்கோட்டைச் சிறை: தேவர், நாடார், பள்ளர் என்று சாதிவாரியாகக் கைதிகளை வெவ்வேறு பகுதிகளில் வைத்திருந்த ஏற்பாடு. வ.உ.சி.யை விசாரணையின்போது அடைத்து வைத்ததும் அதே பாளையங்கோட்டையில்தான்.

வக்கீல் இழுத்ததால் செக்கு நமக்கு அவமானச் சின்னம் ஆயிற்று. மாடு செய்ய வேண்டியதை மனிதன் செய்தான் என்பதைவிட, கூலி செய்ய வேண்டியதைக் கனவான் செய்தார் என்பதே நம்மை அதிகம் உலுக்கியிருக்கிறது. 1930-இல் ஆங்கிலேய அரசு வகுத்த ஏ, பி, சி அதே உணர்ச்சியைத்தான் விதியாக எழுதியது. அந்த விதி இன்னும் சாகவில்லை. தமிழ்நாட்டில் பெரிய மனிதர் ஒருவர் கைதாகிப் புழலுக்குப் போன சில நாளில், அவருக்கு முதல் வகுப்பு கேட்டு வழக்கறிஞர் மனுப் போட்ட செய்தி நாளிதழில் வந்துவிடும். கட்டில், நாற்காலி, மேசை, தனிச் சாப்பாடு. மனுதாரர் பட்டதாரி, வருமான வரி கட்டுபவர் என்று அதில் காரணம் காட்டியிருக்கும். பெரும்பாலும் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும்.